ரோபோ நாய்க்குப் பொட்டு, ஆளுக்குக் கயிறு

சென்னையில் ஒரு தொழிற்கண்காட்சிக்குப் போயிருந்தேன். நடுக்கூடத்தில் ரோபோ நாய் ஒன்று நின்றது. அன்று காலைதான் பெட்டியைப் பிரித்திருக்க வேண்டும். நான்கு காலடியிலும் எலுமிச்சம்பழம். ஆயுதபூஜைப் பழக்கம் விடுமா? நெற்றி எது என்று தெரியாததால், முகத்துக்கு நேரே இருந்த கேமரா வட்டத்துக்கு மேலே சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டிருந்தார்கள். லென்ஸில் குங்குமம் கொட்டிவிடப் போகிறதே என்று பொறியாளர் பையன் ஒருவன் கையில் மெல்லிய துணியோடு பக்கத்திலேயே காவல் நின்றான். கைக்குழந்தைக்கு வாய் துடைக்கிற தாய்கூட அவ்வளவு கவனமாக நிற்க மாட்டாள்.

சிறப்பு விருந்தினர் வந்தார். நாய் எழுந்தது, உட்கார்ந்தது, மரப்படியில் ஏறி இறங்கியது. "கடிக்குமா?" என்று கேட்டார். கூடம் சிரித்தது. பிறகு விளக்கவுரை. கொதிகலன், ரசாயனத் தொட்டி, புகைபோக்கி, பாதாளக் குழாய் எதற்குள்ளும் இனி மனிதன் நுழைய வேண்டியதில்லையாம். நாய் போகும். ட்ரோன் பறக்கும். பல்லி மாதிரிச் சுவரில் ஒட்டி ஏறும் எந்திரம் தகட்டின் தடிமனை அளக்கும். மனிதன் ஏசி அறையில் உட்கார்ந்து திரையைப் பார்த்தால் போதும். சூடு தாங்காவிட்டால் நாய் தானாகவே வேலையை நிறுத்திக்கொள்ளும் என்று அந்தப் பொறியாளர் பையன் பெருமையாகச் சொன்னான்.

கைதட்டல் ஓயும் நேரத்தில், நாயின் மேல் விழ வேண்டிய விளக்கு கண் சிமிட்டியது. நிமிர்ந்து பார்த்தேன். இருபதடி உயரத்தில் இரும்புச் சட்டத்தில் ஒரு காலைப் பின்னிக்கொண்டு, வாயில் ஸ்க்ரூ டிரைவரைக் கவ்வியபடி, இன்னொரு பையன் அந்த விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தான். இடுப்பில் பெல்ட் இல்லை. காலில் செருப்பும் இல்லை. வழுக்கும் என்று கீழேயே கழற்றி வைத்துவிட்டான்.

அவன் நெற்றியில் யாரும் பொட்டு வைக்கவில்லை. கைதவறியிருந்தால் வைத்திருப்பார்கள், மாலையும் போட்டிருப்பார்கள்.

*

நமக்கு எந்திரத்துக்குப் பஞ்சமில்லை. ட்ரோனைப் பற்றித் தமிழனுக்கு யாரும் வகுப்பெடுக்கவும் வேண்டாம். கல்யாண மண்டபத்தில் மணமகள் தலைக்கு மேல் கொசு மாதிரி ரீங்கரித்து, ஐயர் சொல்லும் மந்திரத்தை அமுக்குவது ட்ரோன். கும்பாபிஷேகத்தில் கலசத்தின் மேல் பூத் தூவுவது ட்ரோன். 2018-ல் குரோம்பேட்டை எம்ஐடி மாணவர்களின் 'தக்ஷா' குழுவுக்கு நடிகர் அஜித்குமாரே ஆலோசகராக இருந்தார். அதற்குப் பிறகு ட்ரோனுக்கு ரசிகர் மன்றம் வைக்காததுதான் பாக்கி.

2020 ஏப்ரலை நினைத்துப் பாருங்கள். ஊரடங்கு. திருப்பூர்ப் பக்கம் மரத்தடியில் கேரம் ஆடிக்கொண்டிருந்த பையன்களைப் போலீஸ் ட்ரோன் துரத்தியது. ஒருவன் கேரம் போர்டையே கவசமாகப் பிடித்துக்கொண்டு ஓடினான். அந்தக் காணொளியைப் பார்த்து நாடே வயிறு வலிக்கச் சிரித்தது, நானும் சிரித்தேன். அவ்வளவு கூர்மையான கண் நம்மிடம் இருந்தது.

அடுத்த மாதம், மே 7. நெய்வேலி இரண்டாவது அனல் மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தது. தீக்காயம் பட்டவர்களில் சிலர் பிழைக்கவில்லை. விசாரணை அறிவித்தார்கள். 55 நாள் கழித்து, ஜூலை 1. அதே நிலையம், அடுத்த யூனிட், மறுபடியும் கொதிகலன். 6 பேர் அந்த இடத்திலேயே இறந்தார்கள். அதற்கடுத்த நாட்களில் மருத்துவமனையிலிருந்து ஒவ்வொன்றாக உடல்கள் வந்துகொண்டிருந்தன. கேட்டுக்கு வெளியே கூடியவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்களின் வீட்டார். கேரம் போர்டை மேலிருந்து பார்த்த கண்ணின் காணொளி வைரலானது. கொதிகலனின் வயிற்றுக்குள் பார்த்த கண்ணின் காணொளி என்று எதுவும் எனக்கு வாட்ஸ்அப்பில் வரவில்லை. உங்களுக்கு வந்ததா?

ட்ரோன் விட்டிருந்தால் அந்த இரண்டு வெடிப்பும் நடந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது ட்ரோன் விற்கிறவர்களின் வேலை. நம்மிடம் இருக்கும் கண்கள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

*

கொதிகலனுக்குள் ஆய்வு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கும் ஷட்டவுன் வேலைக்கு ஊர் ஊராகப் போகிற ஃபிட்டர் ஒருவர் எனக்குப் பழக்கம். கொதிகலனை நாம் வெளியிலிருந்து பார்த்திருப்போம். அவர் உள்ளிருந்து பார்த்தவர். தோளைக் குறுக்கி, ஒரு கையை முன்னால் நீட்டி, பாம்பு வளைக்குள் போவதுபோல் நுழைய வேண்டிய ஒரு துவாரம். உள்ளே போய் நிமிர்ந்தால் பத்து மாடிக்கும் மேலான உயரத்துக்கு வெற்று இருட்டு. நான்கு பக்கமும் மூங்கில் தட்டி மாதிரி நெருக்கமாக நிறுத்திய இரும்புக் குழாய்கள். அடுப்பை அணைத்து நாளாகியும் சுவரில் சூடு மிச்சமிருக்கும். அடியிலிருந்து உச்சிவரை சாரம் கட்ட வேண்டும், கட்டவே நாள்கணக்காகும். பிறகு சாரத்தில் ஏறி, குழாய் குழாயாகச் சுத்தியலால் தட்டி ஓசை கேட்டு, சந்தேகப்படும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு, எமரித்தாள் தேய்த்து, பசை தடவி, மீட்டர் வைத்துத் தடிமன் பார்க்க வேண்டும்.

மேலே, நிலக்கரிச் சாம்பல் உருகி உறைந்து பாறையாகத் தொங்கும். கிளிங்கர் என்பார்கள். தேங்காய் அளவிலும் இருக்கும், மாட்டுவண்டி அளவிலும் இருக்கும். எப்போது விழும் என்று அதற்கே தெரியாது. அந்த ஃபிட்டர் ஒருநாள் டீக்கடையில் சொன்னார்: "நிமிர்ந்து பாத்தா கண்ணுல சாம்பல் விழும் சார். பாக்காம விட்டா தலையில கல்லு விழும். ரெண்டுல எது வேணும்னு அவங்கவங்க முடிவு பண்ணிக்கலாம்." தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் என்பது இதுதான் போலிருக்கிறது.

இந்த இருட்டுக்காகவே ஒரு ட்ரோன் இருக்கிறது. ஃப்ளையபிலிட்டி என்ற ஸ்விட்சர்லாந்து நிறுவனம் செய்யும் எலியோஸ். குருவிக்கூண்டு மாதிரி ஒரு கூட்டுக்குள் பறக்கும். சுவரில் மோதினாலும் விழாது, உருண்டு திரும்பிப் பறக்கும். சொந்த விளக்கு உண்டு. சாரம் கட்டுவதற்கு முன்பே உள்ளே போய், கிளிங்கர் எங்கே தொங்குகிறது, எந்தக் குழாய் வீங்கியிருக்கிறது என்று படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். கிளிங்கர் விழுந்தால் ட்ரோன் நொறுங்கும். நொறுங்கினால் ஒரு பொறியாளர் வருத்தப்படுவார், ஒரு கணக்காளர் கோபப்படுவார். யார் வீட்டிலும் அழுகுரல் கேட்காது.

சிக்கலே அந்தக் கணக்காளர்தான்.

*

அவரிடம் வருவதற்கு முன் ஒரு பொறாமையைச் சொல்லித் தீர்த்துக்கொள்கிறேன். 2021-ல் ஒன்றிய அரசு கொண்டுவந்த ட்ரோன் விதிகளை எடுத்துப் படித்தேன். படிக்கப் படிக்க, மறுபிறவி என்று ஒன்று இருந்தால் நான்கு விசிறியோடு பிறக்க வேண்டும் என்று தோன்றியது.

எடை வாரியாக ஐந்து வகுப்பு. 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறியது, 150 வரை நடுத்தரம், அதற்கு மேல் 500 வரை பெரியது. பறக்க வேண்டுமானால் தனி அடையாள எண் வாங்க வேண்டும். நாட்டு வரைபடம் முழுக்கப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் பிரித்து, எங்கே போகலாம், எங்கே அனுமதி கேட்க வேண்டும் என்று குறித்திருக்கிறார்கள். தொழிலுக்காக இயக்குகிறவர் 18 முதல் 65 வயதுக்குள் இருக்க வேண்டும், பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும், அங்கீகாரம் பெற்ற பள்ளியில் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். யார் தலையிலாவது விழுந்தால் ஈடு கொடுக்கக் காப்பீடு வேண்டும்.

கயிறு கட்டிச் சாக்கடைக்குள் இறக்கும் ஆள் 55 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். விதிப்படி அவர் நடுத்தர வகுப்பு. அவருக்கு அடையாள எண் இருக்கிறதா? ஒப்பந்ததாரரின் நோட்டுப் புத்தகத்தில் 'ஆள் 2, டீ 4' என்று இருக்கிறது. அவரை இயக்குகிறவர், அதாவது மேலே நின்று கயிற்றைப் பிடிப்பவர், பயிற்சி முடித்தவரா? பெரும்பாலும் அவர் மச்சானாகவோ தம்பியாகவோ இருப்பார். உள்ளே இருப்பவர் குரல் கொடுக்காவிட்டால் கயிற்றைப் போட்டுவிட்டுத் தானும் குதிப்பார். நச்சுவாயு மரணங்கள் இரண்டு மூன்றாக வருவது இதனால்தான். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் அந்த வாயு, அளவு கூடியதும் மூக்கின் உணர்வையே கொன்றுவிடும். நாற்றம் போய்விட்டது, இனிப் பயமில்லை என்று நினைக்கிற நொடியில் ஆள் சரிந்துவிடுவார்.

சட்டம் இல்லாமல் இல்லை. ஆலைகளுக்கு, 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆம் பிரிவு 2025 வரை தெளிவாகவே சொன்னது. விஷவாயு இருக்கக்கூடிய தொட்டிக்குள்ளோ குழிக்குள்ளோ ஆள் போக வேண்டுமானால், தகுதி பெற்ற ஒருவர் தானே சோதித்துப் பார்த்து 'வாயு இல்லை' என்று எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் போகிறவர் சுவாசக் கருவி மாட்டி, பெல்ட் கட்டி, அதில் இணைத்த கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். உள்ளே கொண்டுபோகும் கைவிளக்கு 24 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்பதுவரை யோசித்து அடுத்த 36-ஏ பிரிவில் எழுதியிருந்தார்கள். நம் ஆட்கள் இந்தப் பிரிவுகளை நன்றாகப் படித்து, அதில் எது மலிவோ அதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கயிறு.

*

இப்போது கணக்காளர்.

பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின்படி, பாதுகாப்பு விதியை மீறியதால் ஆள் இறந்தால் அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று இருந்தது. சிறை என்றும் எழுதியிருந்தது. அது எழுத்து. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு இந்த 25,000-ஐ 5 லட்சமாக உயர்த்திவிட்டது. வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் அந்தக் கூண்டு ட்ரோனை 5 லட்சத்துக்கு வாங்கிவிட முடியாது. கணக்காளர் கொடியவர் இல்லை, பாவம். இரண்டு விலைப்பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். எது குறைவோ அதற்கு டிக் போடுகிறார். எல்-1 டெண்டர் என்பது அதுதானே.

இன்னும் கொஞ்சம் பழைய கணக்கைப் பார்த்தால் இந்த டிக்கின் பரம்பரை தெரியும். 1923-ல் வெள்ளைக்காரன் இந்தியாவுக்கு இரண்டு சட்டங்கள் கொண்டுவந்தான். அந்த ஆண்டின் 5-ஆவது சட்டம் கொதிகலனுக்கு. 8-ஆவது சட்டம், வேலையில் அடிபட்டுச் சாகும் ஆளுக்கான இழப்பீட்டுக்கு. கொதிகலன் முதலில் வந்தது; ஆள் மூன்று எண் தள்ளி வந்தான். நூறு ஆண்டு கழித்து, 2025-ல், கொதிகலனுக்குத் தனியாகப் புதுச் சட்டமே போட்டுக் கௌரவித்துவிட்டார்கள். ஆளுடைய சட்டத்தை வேறு எட்டுச் சட்டங்களோடு சேர்த்து ஒரே மூட்டையில் கட்டிவிட்டார்கள்.

அந்தப் பழைய இழப்பீட்டுச் சட்டத்தின் நான்காம் அட்டவணையை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். அதைவிடக் கச்சிதமான அங்கதத்தை நான் எழுதிவிட முடியாது. இறந்தவரின் மாதக் கூலியில் பாதி. அதை வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். 16 வயதுக்கு 228.54. நாற்பது வயதுக்கு 184.17. அறுபத்தைந்தைத் தாண்டினால் 99.37. இரண்டு தசம இடத் துல்லியம். 2020 ஜனவரி அறிவிப்பின்படி மாதக் கூலி 15,000-க்கு மேல் எவ்வளவு இருந்தாலும் 15,000 என்றே கணக்கு வைத்தார்கள். ஆக அந்தக் கணக்கில் நாற்பது வயதுக்காரர் ஒருவரின் விலை அதிகபட்சம் 13,81,275 ரூபாய். வயது ஏற ஏற விலை இறங்கும்.

எந்திரத்துக்குத்தான் தேய்மானம் போடுவார்கள் என்று நினைத்திருந்தேன். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது பழமொழி. கூலியாள் இருக்கும்வரை நாள் சம்பளம். இறந்த பிறகுதான் அவருக்குப் பொன். அதையும் வாங்கக் குடும்பத்தார் எத்தனை படி ஏற வேண்டும் என்பது தனிக் கதை. அந்தப் படிகளில் ஏற ரோபோ நாய் தருவார்களா தெரியவில்லை.

*

கானரி என்று ஒரு சின்ன மஞ்சள் பறவை. இங்கிலாந்து நிலக்கரிச் சுரங்கங்களில் விஷவாயு இருக்கிறதா என்று பார்க்க அதைக் கூண்டில் வைத்துக் கொண்டுபோவார்கள். மனிதனுக்கு முன் அது மயங்கும். மயங்கியதும் கூண்டை மூடி ஆக்ஸிஜன் விட்டுப் பிழைக்க வைக்க, கூண்டின் மேலேயே ஒரு குட்டி சிலிண்டர் பொருத்தியிருந்தார்கள். 1986-ல், இனிப் பறவை வேண்டாம், மின்னணுக் கருவி போதும் என்று அங்கே முடிவெடுத்தார்கள். குருவிக்கு விடுதலை.

நம் ஊரில் மேன்ஹோல் மூடியைத் தூக்கியதும் கரப்பான்பூச்சி ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். ஓடினால் உள்ளே காற்று இருக்கிறது என்று அர்த்தம். நம் வாயுமானி அதுதான், பேட்டரி வேண்டாம். அதன் மேல் சிலிண்டர் எதுவும் இல்லை, இறங்குகிறவர் மேலும் இல்லை.

மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-ல் ஒரு சட்டம் வந்தது. போதவில்லை என்று 2013-ல் இன்னொன்று. 2014-ல் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு சாவுக்கும் 10 லட்சம் என்றது. 2023-ல் 30 லட்சம் என்றது. அதே ஆண்டு ஒன்றிய பட்ஜெட்டில், மேன்ஹோல் எல்லாம் இனி மெஷின்ஹோல் ஆகும் என்று நிதியமைச்சர் அறிவித்தார். அழகான வார்த்தை விளையாட்டு. நாடாளுமன்றத்தில் மேசை தட்டும் சத்தம் கேட்டிருக்கும், குழிக்குள் கேட்டிருக்காது. சாக்கடையில் செத்தவர்களின் தேசியப் பட்டியலில் பல ஆண்டுகளாக முன்வரிசையில் இருப்பது, முன்னேறிய மாநிலம் என்று மார்தட்டும் நம் தமிழ்நாடு.

எந்திரம் எங்கோ வெளிநாட்டில் இருக்கிறது, என்ன செய்வது என்று கையை விரிக்கவும் வழியில்லை. 2018-ல் பக்கத்துத் திருவனந்தபுரத்தில் இளைஞர்கள் செய்த ரோபோவின் பெயர் பாண்டிக்கூட். ஆங்கிலத்தில் பெருச்சாளி. (அந்த ஆங்கிலச் சொல்லே தெலுங்கின் பந்திக்கொக்குவிலிருந்து போனது. பெருச்சாளிகூட வெளிநாடு போய்ப் பெயர் மாற்றிக்கொண்டு வந்தால்தான் நமக்கு மதிப்பு.) சென்னை ஐஐடியில் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய 'ஹோமோசெப்' என்ற எந்திரம் செய்தார்கள். 2022-ல் முதல் இரண்டு எந்திரங்களையும், இதே வேலையில் கணவரைப் பறிகொடுத்த பெண்கள் நடத்தும் சுயஉதவிக் குழுக்களிடம் கொடுத்தார்கள். அந்தப் பெண்களின் வரிசை எண் முன்னால் வர, முதலில் அவர்களின் புருஷர்கள் செத்திருக்க வேண்டியிருந்தது.

என் கண்ணால் பார்த்த ஒரு காட்சி. ஊர் வேண்டாம். உள்ளாட்சி அலுவலகத்தின் பின்புறம் ஒரு சுத்தம் செய்யும் எந்திரம் நின்றது. கம்பெனி ஒன்று அன்பளிப்பாகக் கொடுத்தது. தொடக்கவிழா மாலை சருகாகி இன்னும் கழுத்தில் தொங்கியது. இருக்கையின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. ஏன் ஓடவில்லை என்று கேட்டேன். டிரைவர் பணியிடத்துக்கு அனுமதி வரவில்லையாம். டீசல் எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது என்று ஆடிட்டில் கேட்டிருக்கிறார்களாம். "மழையில நனைஞ்சா கெட்டுப்போயிடும் சார், அதான் ஷெட்ல வெச்சிருக்கோம்" என்றார் ஊழியர். எந்திரம் பாதுகாப்பாக இருக்கிறது. அந்த வகையில் திட்டம் வெற்றி.

*

வடசென்னை எண்ணூருக்கு வருவோம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு. கடலுக்கடியில் போகும் அமோனியாக் குழாயில் கசிவு. தூங்கிக்கொண்டிருந்த பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்களுக்குச் சைரன் ஊதியது அவர்கள் மூக்கு. கண் எரிய, நெஞ்சு அடைக்க, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். அதற்கு மூன்று வாரம் முன்புதான் மிக்ஜாம் புயலோடு அந்தக் கழிமுகத்தில் எண்ணெய் பரவியிருந்தது. அந்த எண்ணெயை அள்ளியது யார்? உலகத்தரம் வாய்ந்த தொழில்நுட்பமா? மீனவர்கள்தான். பிளாஸ்டிக் மக்கால் மொண்டு வாளியில் ஊற்றினார்கள். படகில் குந்தி, முழங்கை வரை கரி அப்பிய கையோடு.

அதே சென்னையின் இன்னொரு கோடியில், ஐஐடி வளாகத்தில் பிறந்த பிளானிஸ் என்ற நிறுவனம், நீருக்கடியில் போய் அணைச் சுவரையும் துறைமுகத் தூணையும் ஆய்வு செய்யும் ரோபோக்களை 2015 முதல் செய்துவருகிறது. நகரத்தின் தெற்கே ரோபோ நீந்துகிறது. வடக்கே மக்கு மிதக்கிறது.

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி கேட்பார்: எல்லா இடத்திலும் எந்திரக் கண் வைத்துவிட்டால் சரியாகிவிடுமா? ஆகாது ஐயா. நெய்வேலியில் முதல் வெடிப்பு நடந்த அதே 2020 மே 7 விடியற்காலையில்தான் விசாகப்பட்டினத்தில் எல்ஜி பாலிமர்ஸ் ஆலையிலிருந்து ஸ்டைரீன் ஆவி ஊருக்குள் பரவி 12 பேர் இறந்தார்கள். தொட்டியில் வெப்பமானி இருந்தது. அடியில் இருந்தது. சூடு ஏறியது மேலே. கருவி ஜோராகத்தான் வேலை செய்தது. அடியில் என்ன இருந்ததோ அதைச் சொன்னது. ஆலையில் 36 இடங்களில் அபாயச் சங்கு ஊத வசதி இருந்தது. ஒருவரும் ஊதவில்லை. சங்கு ஊதாத ஆலைக்கு ட்ரோன் வாங்கிக் கொடுத்தால், அது விரிசலைப் படம் எடுக்கும். படம் பென் டிரைவில் போகும். பென் டிரைவ் மேசை டிராயரில் போகும். யூனிட்டை நிறுத்தினால் உற்பத்தி போகும் என்பதால் டிராயர் பூட்டிக்கொள்ளும்.

நிறுத்து என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது என்பதில்தான் எல்லாம். அதற்குத்தான் அரசு ஆய்வாளர் என்று ஒருவரை வைத்திருந்தோம். புதிய சட்டத் தொகுப்பில் அவர் பெயர் 'ஆய்வாளர் மற்றும் வசதி செய்து தருபவர்' என்று மாறிவிட்டது. பெயரிலேயே பாதி அதிகாரம் உபசாரமாகிவிட்டது. இனி மிச்சம் இருப்பது வெற்றிலை பாக்கு. மின்சாரத்தோடு இயங்கும் பட்டறையில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்று இருந்ததை 20 பேர் என்று ஆக்கியதில், ஆய்வாளர் எட்டிப் பார்க்க வேண்டிய கதவுகளும் குறைந்துவிட்டன. எத்தனையோ சின்னப் பட்டறைகள் ஒரே கையெழுத்தில் பாதுகாப்பானவையாகிவிட்டன.

*

எனக்கு ஒரு யோசனை. மனிதரை எந்திரமாகப் பதிவு செய்துவிடுங்கள். பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது, தேய்மானம் போட்டாயிற்று. மீதி மரியாதைகளையும் கொடுத்துவிடலாம்.

ஒவ்வொரு ஒப்பந்தத் தொழிலாளிக்கும் ஒரு சொத்து எண். கொள்முதல் விலை லட்சங்களில் ஏட்டில் ஏற வேண்டும். அப்போதுதான் உடைந்தால் தணிக்கையில் விளக்கம் கேட்பார்கள். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம். சூடு ஏறினால் தானாக நின்றுவிடும் வசதி. நின்றதற்காகக் கூலி பிடிக்கக் கூடாது, எந்திரத்துக்கு யாரும் பிடிப்பதில்லை. மழையில் நனையாமல் ஷெட். விஷவாயு இருக்கும் இடத்துக்கு ஏற்றவரா என்று சான்றிதழ். இல்லையென்றால் உத்தரவாதம் செல்லாது. இயக்குவதற்குப் பயிற்சி பெற்ற ஆள். வருஷத்துக்கு ஒருமுறை சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம்.

உண்மையான எந்திரம் வந்து சேரும்போது, கயிற்றில் இறங்கியவர் கையிலேயே அதன் ரிமோட்டைக் கொடுக்க வேண்டும். 'இனி நீ இறங்க வேண்டாம்' என்பதோடு 'இனி நீ வரவும் வேண்டாம்' என்று சேர்த்துச் சொல்லும் சாமர்த்தியம் நம் ஒப்பந்ததாரர்களுக்கு உண்டு. பாண்டிக்கூட் செய்தவர்கள் துப்புரவுத் தொழிலாளர்களுக்கே அதை ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார்கள். ஆக, கற்றுக்கொள்ள மாட்டார்கள் என்ற சாக்கும் இல்லை.

கண்காட்சி முடிந்த மாலை, ரோபோ நாயை மெத்தை வைத்த பெட்டிக்குள் படுக்கவைத்தார்கள். பெட்டியின் மேல் 'உடையும் பொருள்' என்று சிவப்பில் ஒட்டியிருந்தது. தூக்க நான்கு பேர். நாலாவது ஆள் அந்த விளக்குப் பையன்தான். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தான்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் நகராட்சிக்கோ, உங்கள் மாவட்டத்தில் இருக்கும் அரசு ஆலைக்கோ, தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணம் கட்டி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஆள் இறங்காமல் இருப்பதற்காக வாங்கிய எந்திரம் சென்ற ஆண்டு மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது? லாக் புத்தகத்தின் நகலோடு பதில் வேண்டும் என்று எழுதுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.